மேற்பாதி

இரண்டு இமைக்கும் சேர்த்து
மூன்று லட்சத்து எழுபதாயிரம் என்றார்கள்.
ஒன்றை மட்டும் தூக்கினால் பாதியா என்று கேட்டேன்.
கல்குலேட்டரைத் தட்டிய பிள்ளை சிரிக்கவில்லை.
"பாதியில்லை அண்ணை, கொஞ்சம் கூட வரும்.
தியேட்டர் காசு ஒற்றைக் கண்ணுக்கும் முழுசுதான்."

காப்புறுதி இருக்கு என்றேன்.
பதினோரு வருசம், மாதம் இரண்டாயிரத்து நானூறு.
டீசல் இல்லாமல் பஸ் நின்ற மாதங்களிலும்
புஸ்பமலரின் சீட்டுக் காசில் கட்டியது.

கடிதம் மூன்று கிழமையில் வந்தது.
நீளமான கடிதம்.
படித்து முடித்தபோது ஒரு சொல்தான் மிஞ்சியது:
அழகுசார்.

அழகு.
ஐம்பத்தாறு வயதில்,
முல்லைத்தீவு வவுனியா மினிபஸ்ஸில்
ஸ்டியறிங்கில் வண்டி முட்ட இருக்கிற எனக்கு.
புஸ்பமலர் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள்,
அடுப்படிக்குள் போய் நின்று சிரித்தாள்.
பிறகு சிரிப்புக் கேட்கவில்லை,
பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம்தான்.

எப்போது விழத் தொடங்கின, தெரியாது.
கூரை விழுந்தால் சத்தம் கேட்கும்.
இமை அப்படியில்லை.
நாடியைத் தூக்கிக்கொண்டு ஓட்டப் பழகினேன், அவ்வளவுதான்.
ஒட்டுசுட்டான் சந்தித் தேத்தண்ணிக் கடையில்
சோதிலிங்கத்துக்கு இப்ப மண்டைக்கனம் என்றார்கள்,
ஆளை மூக்கு நுனியால் பார்க்கிறானாம்.
அதற்கு முந்தி ஒருக்கால், ஒரு சோதனைச் சாவடியில்,
என்ன நிமிர்ந்து பார்க்கிறாய் என்று
துவக்கால் என் பிடரியை அமத்தினான் ஒருவன்.
குனிந்தேன்.
சப்பாத்தைப் பார்க்க இந்த இமையே போதும்.

மேன்முறையீடு செய்யலாம் என்றான் முகவர் பிரதீபன்.
படம் வேணும்: நேரே, பக்கவாட்டில், கீழே பார்த்தபடி.
சிரிக்கக் கூடாது.
பார்வைப்புலச் சோதனையும் வேணும்,
இமையை ஒட்டாமல் ஒன்று, ஒட்டி ஒன்று.

வவுனியாவில் ஒரு இருட்டறை.
வெள்ளைக் கிண்ணம் போல ஒன்றுக்குள் முகத்தை வைத்தேன்.
வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமத்த வேணும்.
முதல்முறை, மேலே ஒன்றுமேயில்லை.
மெஷின் எனக்காகக் காத்துக் களைத்தது போலிருந்தது.
பிறகு நேர்ஸ் இமைத் தோலை இழுத்து
பிளாஸ்டரால் நெற்றியோடு ஒட்டினாள்.
பொட்டு.
பொட்டு, பொட்டு.
விரல் என்னைக் கேளாமலே அமத்தியது.
இவ்வளவு வெளிச்சத்தையும்
எனக்கு மேலே யார் வைத்திருந்தார்கள்?

பிளாஸ்டரைக் கழற்றாமலே பஸ்ஸை எடுத்தேன்.
புளியங்குளம் தாண்ட, பாலை மரங்களுக்குத் தலை இருந்தது.
மின்கம்பியில் ஒரு பனங்காடை.
நெடுங்கேணியில் ஒரு வீட்டுக்கு மேல்மாடி இருந்தது,
மாடியில் காயப்போட்ட பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை;
எப்போது கட்டினார்கள்?
என் தலைக்கு மேலேயே இருந்த கண்ணாடி,
அதற்குள் முழு பஸ்ஸும்.
வாய் பிளந்து தூங்கும் ஒரு வாத்தியார்.
கடைசி சீற்றில் ஒரு பெண்
ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.
இத்தனை வருசத்தில் எத்தனை பேரை
அழ அழ இறக்கிவிட்டிருப்பேனோ.
பிரேக்கை மெல்ல மிதித்தேன்.
வேறு என்ன செய்ய.

பிளாஸ்டர் ஒரு சுருள் நூற்றெண்பது ரூபா.
காலமை ஆறு மணிக்குப் புஸ்பமலர் வெட்டி ஒட்டிவிடுவாள்,
நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு,
பிள்ளைக்கு வகிடு எடுக்கிறவள் போல.
அரச ஆஸ்பத்திரியில் சும்மா செய்வார்கள், பெயர் பதிந்திருக்கிறேன்.
மாசியில் என்றார்கள்.
எந்த மாசி என்று சொல்லவில்லை.
மேன்முறையீட்டுக்குப் பதில் இன்னும் இல்லை.

நேற்று முள்ளியவளையில் பிரதீபன் ஏறினான்.
தெரிந்த ஆள் என்று
கொண்டக்டர் பொடியன் அவனைத் தாண்டிப் போனான்.
கண்ணாடிக்குள் எல்லாம் தெரிகிறது இப்போது.
"அவரிட்டையும் காசை வாங்கு," என்றேன்,
"முழு டிக்கெட். அழகுக்கு ஓடுற பஸ் இல்லை."
பஸ்ஸே சிரித்தது, அவனும்தான்.

வேர்வையில் இடப்பக்கப் பிளாஸ்டர் ஒரு ஓரம் கழன்றது.
விரலால் அழுத்திக்கொண்டேன்.
ஒட்டுசுட்டான் வரைக்கும் தாங்கும்.