பனிக்கோட்டை, பெட்டியோடு

பீல் நகரத்தில் தெருப்பலகைக்கும் இரண்டு நாக்கு.
விலையை ஜெர்மனில் கேட்பார்கள்,
பெருமூச்சைப் பிரெஞ்சில் விடுவார்கள்.
இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு
நான் தமிழில் கணக்குப் போடுவேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை
கடிகாரத் தொழிற்சாலையில் மெருகுக்காரன்.
உருக்குக் கூட்டில் எவர் விரலும் பட்டதில்லை என்று
நம்பவைப்பது என் வேலை.
சனிக்கிழமை, பழைய வீடியோ கேம் கடை.
வேலை அதேதான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.
யானைக்கு அது சரி.
இந்தச் சந்தையில்
ஓரடியும் நடக்காத யானைக்குத்தான் ஆயிரம்:
கண்ணாடித்தாள் கிழியாமல்,
எந்தப் பிள்ளையும் தொடாமல்,
முப்பது வருடம் இருட்டில் நின்றது.
நடந்த யானைக்கு நாற்பது பிராங்.
அதுவும் முதுகில் பேனா எழுத்து இல்லாவிட்டால்.

கொரின் ஷ்வாப் ஒரு காகிதப் பையில் கொண்டுவந்தாள்.
ஏழு கேசட். ஆறு குப்பை.
ஏழாவது, பனிக்கோட்டை இரண்டாம் பாகம்,
பெட்டியோடு.
முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டேன்.
அதற்கு இருபத்திரண்டு வருடப் பயிற்சி.

பெட்டியின் மூலை நசுங்கல்: நாற்பது கழி.
கையேடு இருக்கிறது: அறுபது கூட்டு.
கையேட்டில் கோப்பையின் வட்டக் கறை: பத்துக் கழி.
மடித்து வைக்கும் வரைபடம் இல்லை.
அந்த இல்லாமைக்கு எண்பது.
பின்பக்கம் நீல மையில் 'லூக், நாலாம் வகுப்பு':
முப்பது.

"ஒரு பெயருக்கா முப்பது?"
"பெயர் இருப்பதற்கு, மேடம்."

"அண்ணனா?" என்று குரலைத் தாழ்த்தினேன்.
இப்படி வரும் பைகளுக்குப் பின்னால்
பெரும்பாலும் ஒரு சவப்பெட்டி இருக்கும்.
"அண்ணன்தான். லொசானில் பல் வைத்தியன்.
அம்மாவின் நிலவறையைக் காலி செய்கிறேன்.
அவனுக்குச் சொல்லவில்லை."

ஓடுகிறதா என்று பார்க்கப் போட்டேன்.
திரையில் மூன்று சேமிப்பு:
லூக், அறுபத்தொரு மணி.
லூக், ஒன்பது மணி.
கோரி, பன்னிரண்டு நிமிடம்.

மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.
"முதல் பாலம் வரைதான் விட்டான்.
பிறகு அவன் முறை.
அதற்குப் பிறகும் அவன் முறை."

நான் வியாபாரி.
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
உள்ளே ஒரு நாணயப் பற்றரி, வயது போய்விட்டது,
புதிது மாற்றினால் இதெல்லாம் அழியும்,
விலை நாற்பது ஏறும்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்று
கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள்.

நாலு தடவை பாலத்திலிருந்து விழுந்தாள்.
மூன்று தடவை பிரெஞ்சில் திட்டு,
நாலாம் தடவை ஜெர்மனில்.
சார்ஜர் வாங்க வந்த பையன் பார்த்துப் பார்த்துப் போய்விட்டான்.
மீசைக்காரர் ஒருவர் மட்டும் போகாமல்
"இடப்பக்கம், இடப்பக்கம்" என்றார்.
எனக்குப் பசி.

பாலம் கடந்தது.
அந்தப் பக்கம் இன்னொரு பாலம்,
இதைவிட நீளமாக.

"இதற்காகவா அவ்வளவு அடிபட்டோம்?"
சிரித்தாள். சேமித்தாள்.
கோரி, ஐம்பத்தி நாலு நிமிடம்.
"இனி மாற்றுங்கள்."

நூற்றி அறுபது கொடுத்தேன். எண்ணவில்லை.
ஆறு குப்பையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

மார்கழியில் சூரிச்சிலிருந்து ஒருவர் வந்தார்,
வெள்ளைப் பருத்திக் கையுறையோடு.
முந்நூற்றிப் பத்து.
கண்ணாடிப் பேழையில் வைத்து
மூடிவிடப் போகிறாராம்.
மூடப்போகிறவர் ஏன் கேட்டாரோ:
"வேலை செய்யுமா?"
"செய்யும். பற்றரி புதிது.
பின்னால் எழுத்தில்லை.
உள்ளே எவரும் இல்லை."

பற்றரி மாற்றிய இரவு
பழையதை, கைப்பழக்கத்தில், மானியில் வைத்துப் பார்த்தேன்.
மூன்று வோல்ட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.
இன்னும் ஏழெட்டு வருடம் தாங்கியிருக்கும்.

இதை நான்
எந்த மொழியிலும் எவருக்கும் சொல்லவில்லை.