தபால்தலை தேவையில்லை

வெஸ்ட்ரே தீவில் ஐம்பது வயதானவருக்கு
அரசாங்கம் மறக்காமல் அனுப்பும் ஒரே வாழ்த்து
ஒரு பிளாஸ்டிக் குச்சி, ஒரு சின்னக் குப்பி,
திருப்பி அனுப்ப ஒரு உறை.
தபால்தலை தேவையில்லை.
காலைக்கடனில் எதைத் தொட்டு எதில் அடைப்பது என்று
படம் போட்டு விளக்கியிருக்கும்.
படத்தில் இருப்பவர் ஏனோ புன்னகைக்கிறார்.

கொண்டுபோய்க் கொடுப்பவள் நான், தோரா ஃப்ளெட்.
சிவப்பு வேன், காயாத கையுறை,
முந்நூறு வாசல்,
பாதிக்கு மேல் நாய்.

யார் திருப்பி அனுப்பினார், யார் அனுப்பவில்லை
என்று எனக்குத் தெரியக் கூடாது.
தெரியும்.
மளிகைக்கடை இசபெல் மறுநாளே அனுப்பிவிடுவாள்,
கைமாற்றைத் திருப்பிக் கொடுப்பதுபோல.
பாதிரியார் இருட்டிய பிறகு வந்து
பெட்டியில் போட்டுவிட்டு
திரும்பிப் பார்க்காமல் நடப்பார்.
இந்தத் தீவில் எதையும் மூடிவைக்க முடியாது,
காற்று விடாது.

படகு எஞ்சின் பார்க்கும் சிகுர்ட் ட்ரெவர்
மூன்று முறை வாங்கினான்.
மூன்றும் பட்டறை அலமாரியில்,
கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில்.
இருநூற்றைம்பது மணி ஓடியதும்
எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றியாக வேண்டும் அவனுக்கு.
சத்தம் வரட்டும் என்று காத்திருப்பவன்
மெக்கானிக் இல்லை, பிணம் அறுப்பவன் என்பான்.
நான் அலமாரியைப் பார்த்தேன்.
வாய் திறக்கவில்லை.
கடிதம் கொடுப்பதுதான் என் வேலை,
கடிதத்துக்கு வக்காலத்து வாங்குவதல்ல.

பிப்ரவரியில், ஆலங்கட்டி விழுந்த ஒரு வியாழன்,
துறைமுகப் பெட்டியில் ஒரு உறை.
அதிலிருந்த பசையை நம்பாமல்
நான்கு ஓரமும் கறுப்பு இன்சுலேஷன் டேப்.
ஒயர் சுற்றிப் பழகிய கை.
பெயர் பார்க்கவில்லை.

நல்ல செய்தி மெலிந்திருக்கும், ஒற்றைத் தாள்.
ஒன்றுமில்லை, இரண்டு வருடம் கழித்துப் பார்ப்போம்.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
வருடம் முழுக்க வீடு வீடாகப் போடுகிறேன்.
யாரும் அதைச் சட்டம் போட்டு மாட்டியதில்லை.
மிஞ்சிப்போனால் அதன் முதுகில் எழுதுவார்கள்:
முட்டை, ஈஸ்ட், டார்ச்சுக்கு பேட்டரி.

சிகுர்டுக்கு வந்தது தடித்திருந்தது.

தான் பழுது பார்க்கும் படகிலேயே
டிக்கெட் வாங்கி கிர்க்வால் போனான்.
முதல்முறையாக எஞ்சினை
மேலே உட்கார்ந்து கேட்டானாம்.
உள்ளே ஒரு முளை, பார்லி அரிசி அளவு.
கேமரா போன வழியிலேயே கிள்ளி எடுத்தார்கள்.
இன்னும் நாலு வருடம் விட்டிருந்தால், என்று
மருத்துவர் ஆரம்பித்தாராம்.
முடிக்கவில்லையாம்.
என்னிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்:
"ஒரு நட்டு தளர்ந்திருந்தது."
பிறகு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

இதையெல்லாம் சொல்லும் எனக்கு ஐம்பத்து மூன்று.
மார்பகம் பார்க்கும் வண்டி
மூன்று வருடத்துக்கு ஒருமுறை கப்பலேறி வரும்.
அதற்கான அழைப்பு மூன்று வாரமாக
என் வெண்ணெய்த் தட்டுக்கு அடியில்.
ஊர்க் கதவையெல்லாம் தட்டுகிறவள்
என் கதவைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

போனேன்.
தகடு குளிர்ந்திருந்தது.
மீன் சந்தையில்கூட இப்படி அமுக்கிப் பார்க்கமாட்டார்கள் என்றேன்.
அந்தப் பெண் சிரிக்கவில்லை,
அன்றைக்கு அதைச் சொன்ன பத்தாவது ஆள் நானாக இருக்கலாம்.
மூச்சைப் பிடியுங்கள் என்றாள்.
நாலு தடவை வலித்தது.
சட்டைப் பொத்தானைப் போடும்போது
வெளியே யாரோ நாயைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை தபால் பிரிக்கையில்
மின்கட்டண ரசீதுக்கும் விதைப் பட்டியலுக்கும் நடுவே
என் பெயர்.
எத்தனையோ பேர் உறையை எடைபோட்ட கை
இதைத் தூக்கியதும்
தராசாக மறுக்கிறது.

வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது.
முதலில் மற்றவர்களுடையதைக் கொடுத்துவிடலாம்,
இது அப்புறம், என்று ஒரு யோசனை.
அலமாரியில் மூன்று அப்புறம் பார்த்திருக்கிறேன்,
கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில்.

எஞ்சினை அணைக்கிறேன்.
கையுறையைப் பல்லால் பிடித்துக் கழற்றுகிறேன்.