நாற்பத்தொன்று

சிவப்புப் பலகையில்
ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழலை வரைந்திருக்கிறேன்
கறுப்பு மையில், விளிம்பு பிசகாமல்.
குறடு வெளியே போனால்
குறடின் வடிவத்தில் ஒரு வெறுமை
ஆணிக்குக் கீழே காத்திருக்கும்.

அடிஸ் அபாபா, மூன்றாம் கொட்டகை.
கம்பிச் சன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடம்.
பெயர் பொறித்த பித்தளை வில்லையைத் தந்தால்
கருவி தருவேன், வில்லையை ஆணியில் மாட்டுவேன்.
வில்லை இல்லையா?
பொறியாளர் கெபெயெஹுவே வந்து நின்றாலும்
வெறுங்கை முழம் போடாது.

கந்தல் துணிகூட எண்ணித்தான்.
பன்னிரண்டு போனால் பன்னிரண்டு திரும்ப வேண்டும்.
பதினொன்றரை வந்த அன்று
மீதி அரையைத் தேடிவிட்டு வா என்றேன்.
"வொயின்ஷெட் தூக்கத்திலும் எண்ணுவாள்."
பையன்கள் பேசுவது எனக்குக் கேட்கும்.
எண்ணுகிறேன்தான்.

அது ஜூலை மழை.
எங்கள் கணக்கில் இரவு எட்டு மணி,
விமானத்தின் காகிதங்களில் அதிகாலை இரண்டு.
எஞ்சின் வேலை முடிந்தது, மூடி பூட்ட வேண்டியதுதான் பாக்கி.
வெளியே தார்ப்பாய்க்குக் கீழே
ஐரோப்பாவின் ஏலத்துக்குப் போகும் ரோஜாப் பெட்டிகள்.
ஈரக்காற்று மண்ணெண்ணெயையும் மீறி
அந்த வாசனையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

பலகையைப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று இல்லை.
நீண்ட காம்பில் காசளவு வட்டமாய் ஓர் ஆய்வுக் கண்ணாடி.
ஆணியில் கருவியும் இல்லை,
வில்லையும் இல்லை.

"மூடாதீர்கள்" என்றேன்.

மூடியதை எல்லாம் திறந்தார்கள்.
அலெம்னெஷ் எஞ்சின் வாய்க்குள் குப்புறத் தவழ்ந்தாள்,
டார்ச் வெளிச்சம் மட்டும் உள்ளே அலைந்தது.
டாக்னாச்சு பையை மூன்று தடவை கொட்டினான்,
பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினான்,
கேட்காமலே காலுறையையும் கழற்றினான்.
தொலைபேசி அடித்தது, மறுபடி அடித்தது.
"நடந்த வழியே திரும்பி நடங்கள்"
என்றேன் எல்லோரிடமும்,
கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு.

பிறகு,
விதி எனக்கும்தானே என்று
நானும் நடந்தேன்.
சன்னலிலிருந்து அலமாரி.
அலமாரியிலிருந்து கழிவறை.
அங்கே, சோப்புக்குப் பக்கத்தில்
குழல்விளக்கைப் பார்த்தபடி படுத்திருந்தது
நாற்பத்தொன்று.

மாலையில் என் பல்லைப் பார்க்க எடுத்தது.
ஒரே நிமிடம் என்று எடுத்தது.

அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்தது
என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் நம்புவார்கள்,
நான் சொல்வதை மட்டும்தான் எல்லோரும் நம்புவார்கள்.
காசளவு கண்ணாடியில் என் ஒரு கண் தெரிந்தது.
துடைத்தேன். துடைத்த துணியை எண்ணினேன்.

கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
கொட்டகையின் நடுவே போய் நின்று
"பல்வலி" என்றேன்.

தகரத்தில் மழை மட்டும்.
முதலில் டாக்னாச்சு சிரித்தான், ஒரு காலில் உறையில்லாமல்.
அப்புறம் எஞ்சினுக்குள்ளிருந்து அலெம்னெஷ்;
அவள் சிரிப்பு உலோகத்தில் உருண்டு
பத்துப் பேருடைய சிரிப்பாய் வெளியே வந்தது.
கெபெயெஹு சிரிக்கவில்லை.
படிவத்தை நீட்டினார்.
வில்லையின்றிக் கருவி எடுத்தவர் பெயர்:
என் பெயரை எழுதினேன்,
மற்றவர்கள் பெயரை எழுதும் அதே கையெழுத்தில்.

விமானம் மூன்று மணி நேரம் தாமதமாய் எழுந்தது.
எத்தனை ரோஜா வாடியது என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அது ஒன்றுதான் என் ஏட்டில் இல்லாத எண்.

மறுநாள் பலகையின் கீழ்மூலையில்
சுண்ணக்கட்டியால் யாரோ வரைந்திருந்தார்கள்
இரண்டு வேருள்ள ஒரு கடைவாய்ப்பல்.
கந்தலை எடுத்தேன் அழிக்க.
வைத்துவிட்டு மையை எடுத்தேன்,
கோணலாக இருந்த இடது வேரைத் திருத்தினேன்.

வியாழக்கிழமை பிடுங்கிவிட்டார்கள்.
மருத்துவரிடம் கேட்டு வாங்கி வந்து
நூலில் கட்டி அந்த ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
பையன்கள் வில்லை நீட்டும்போது
ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள்.

நாக்குதான் இன்னும்
போய்ப் போய்த் தடவுகிறது.