கண்ட்ரோல் தட்டு

இரண்டு வருஷமாக
ரெக்கார்டு நோட்டில் முடிவை முதலில் எழுதிவிட்டு
செய்முறையைப் பிறகு எழுதியவள் நான்.
சீனியர் அக்காவின் எழுத்துப்பிழைகூட
என் நோட்டில் அப்படியே இருக்கும்,
பக்கத்தில் சிவப்பு டிக்.

ஒரு புதன்கிழமை பல்கலைக்கழக வேன் வந்தது.
இன்குபேட்டரை இறக்கும்போது
"மெதுவா, மெதுவா, பிள்ளைத்தாச்சி மாதிரில்ல இருக்கு" என்றார்
அட்டெண்டர் மொக்கச்சாமி.
ஆராய்ச்சி மாணவி ஹெலன் ரூபவதி
போர்டில் எதுவும் எழுதவில்லை.
ஆளுக்கொரு குழாய் தந்தாள். நீல மூடி. காலி.
"உங்க வீட்டுப் பக்கத்துத் தண்ணி.
அதுல என்ன இருக்குனு எனக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது.
அந்த மேடையில் நின்று
அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆஷிகா வண்டியூர்க் கண்மாயிலிருந்து கொண்டுவந்தாள்.
துளசிமணி வைகையில் இறங்கி செல்பியும் எடுத்துவந்தாள்.
எனக்கு கிருதுமால்.
நதி என்றுதான் பேர்.
எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே
கறுப்பாக நுரைத்துக்கொண்டு கிடக்கும்.
வீடு எங்கே என்று கேட்டால்
பஸ் ஸ்டாப்போடு நிறுத்திக்கொள்கிறவள்
லேபிளில் எழுதினேன்:
காலை 6.40. கிருதுமால்.
வீட்டுக்குப் பின்னால், பன்னிரண்டு அடி.

வடிகட்டி,
ஈ. கோலையோடு கலந்து,
அகர் கைபொறுக்கும் சூடு வந்ததும் தட்டில் ஊற்றி,
இரவு முழுக்க முப்பத்தேழு டிகிரி.
நடுவில் அரைமணி கரண்ட் இல்லை.

காலையில்
கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல
தட்டு முழுக்கப் பாக்டீரியாப் படலம்.
அதில் ஓட்டைகள்.
குண்டூசித் தலை அளவு. ஒன்பது.
எதுவோ தின்றுவிட்டுப் போன இடம்.
எதுவோ, எங்கள் சாக்கடையில் குடியிருப்பது.
இல்லாததைப் பார்த்து
அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.
அம்மாவுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன்.
"என்னடி, அம்மை போட்ட மாதிரி" என்று பதில்.

அப்புறம்தான்
கண்ட்ரோல் தட்டை எடுத்தேன்.
கிருதுமால் தொடாத தட்டு.
அதிலும் ஓட்டைகள்.
நான்கு.

யாரும் பார்க்கவில்லை.
கழிவு வாளி காலடியிலேயே இருந்தது.
ரெக்கார்டு நோட்டில் பழகிய கை
தட்டோடு பாதி தூரம் போயும்விட்டது.
ஆனால் அந்த ஒன்பதில்
எது குமிழி, எது உயிர்?
தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது.
மார்க்குக்கு இல்லை.
பசி மாதிரி ஒன்று.

ஹெலன் தட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து
கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.
"காத்துக் குமிழியா இருக்கலாம்.
ரெண்டுக்கும் ஒரே பைப்பெட்டா போட்ட?"
ஞாபகம் இல்லை.
"அப்ப அதையும் எழுது."

எழுதினேன்.
முடிவு: தெரியவில்லை.
பைப்பெட் மாற்றினேனா: ஞாபகம் இல்லை.
துறைத்தலைவி சிவப்புப் பேனாவைத் தூக்கியபடி
கொஞ்ச நேரம் நின்றார்.
இதற்கு டிக் போடுவதா, சுழிப்பதா.
கடைசியில் தேதி மட்டும் போட்டார்.

சனிக்கிழமை வேன் கிளம்பிவிட்டது.
இன்குபேட்டர் மட்டும் பத்து நாளைக்கு எங்களுக்கு.
நாளை 6.40க்கு மறுபடி இறங்க வேண்டும்.
குழாய்க்கு ஒரு கை, மூடிக்கு ஒரு கை,
மூக்கைப் பொத்த இன்னொரு கை.
தம்பியை எழுப்பிக்கொள்ள வேண்டியதுதான்.