நாலடி ஆறங்குலம்

பீடிக் கம்பெனி பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில்
போனஸ் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
கீழே இவர் எழுதினார்: பார்க்.
பேனா முனையில் புகையிலைத் தூள்,
'க்' மட்டும் தடித்துவிட்டது.

சனியா ஞாயிறா?
சனியென்றால் தலைக்கு நூறு குறைவு,
நாலு தலைக்கு நானூறு மிச்சம்.
ஆனால் இவருக்கு லேத்துப் பட்டறையில்
ஒருநாள் சம்பளம் அறுநூறு போகும்.
"அப்போ ஞாயிறுதாம்மா மலிவு" என்றாள் இசக்கிப்ரியா.
ஆறாம் வகுப்பு.
கழித்தலில் என்னைப் போல.

முக்கூடலிலிருந்து ஜங்சனுக்கு முதல் பஸ்,
அங்கிருந்து பாசஞ்சர்.
புளிச்சோற்றை நாங்குநேரிக்குள் தின்று முடிக்க வேண்டும்,
பார்க் வாசலில் பிடுங்கி மேசையில் வைத்துவிடுவார்களாம்,
உள்ளே ஒரு தோசை நூற்றிருபது.
வள்ளியூரில் இறங்கி டவுன் பஸ்.
எனக்கும் மகளுக்கும் காசில்லை,
இவருக்கு முழு டிக்கெட்,
பேச்சிராஜாவுக்கு அரை.
"ஆம்பளையாப் பொறந்தது குத்தமாட்டி?" என்றார்.
பதிமூணு வருசத்தில் முதல் தடவையாக
ஆமா என்றேன்.

பருத்தி உடுத்தினால் தண்ணீரில் விடமாட்டார்கள்,
நைலான்தான், வாடகை தொண்ணூறு.
போன வருசம் போய்வந்த சந்தனமாரி
தன்னுடையதை இரவல் தந்தாள்.
முட்டியில் கிழிசல், இன்னும் போகாத குளோரின் வாசம்,
முதுகில் பல்லிளிக்கும் ஒரு டால்பின்.

"நீ வெளிய பையைப் பாத்துக்கிட்டு இரேன்,
அறுநூத்தம்பது மிச்சம்லா."
கத்திரியைக் கீழே வைத்தேன்.
அறுநூத்தம்பது என்றால் இரண்டரை ஆயிரம் பீடி.
சுருட்டிய விரல்களை விரித்துக் காட்டினேன்.
பை பார்க்க லாக்கர் இருக்காம், ஐம்பது ரூபாய்.
இல்லாவிட்டால் நீங்கள் இருங்கள்.
அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சிக்கல் மகளால் வந்தது.
நாலடி ஆறங்குலத்துக்குக் கீழே நானூத்தம்பது,
தொட்டுவிட்டால் எங்களைப் போல முழு ஆள்.
டைலரிடம் டேப் வாங்கிவந்து
வாசல் நிலையோடு ஒட்டி நிறுத்தினேன்.
சரியாக நாலடி ஆறு.
"முடியை அமுக்கிச் சீவிவிடுதேன்,
கேட்டுல முட்டியைக் கொஞ்சம்போல மடக்கு,
ஒரு பய கவனிக்கமாட்டான்."
மடக்கிக் காட்டினாள்.
எனக்கே தெரியாத அளவுக்கு மடக்கினாள்.
பிறகு கேட்டாள்:
"உள்ள, அந்தத் தலைகீழ் ரயிலுக்கும்
இதே கோடுதானாம்.
அங்க மட்டும் நிமிந்துக்கிடலாமாம்மா?"

டிக்கெட்டுக்குக் குள்ளம், ரயிலுக்கு உயரம்.
ஒரே பிள்ளை, ஒரே நாள்.

அந்த ரயில் ஓடுவது நாற்பது நொடி என்றாள் சந்தனமாரி.
நாற்பது நொடியில் நான் ஒரு பீடி முடித்து
அடுத்ததுக்கு இலை எடுத்திருப்பேன்.

வித்தியாசம் இருநூறு.
இருநூறு என்றால் முப்பத்தோரு கட்டு,
கடைக்காரர் கழிவென்று எதையும் தள்ளாமல் இருந்தால்.
பாஸ்புக்கில் நானூத்தம்பதை அடித்து
அறுநூத்தம்பது என்று எழுதினேன்.
ஐஸ்கிரீமையும் அடித்தேன்.
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான் ராஜா,
சொளகுக்குப் பக்கத்தில் புரண்டு அழுதான்.
திரும்பவும் எழுதினேன்,
சின்ன எழுத்தில்,
நாலு என்று இருந்ததை இரண்டு என்று.

எல்லாரும் படுத்தபிறகு
டேப்பைச் சுருட்டும்போது
நிலையில் மகளுக்குப் போட்ட பென்சில் கோடு தெரிந்தது.
விளக்கை அணைக்கவில்லை.
போய் முதுகை ஒட்டி நின்றேன்.
கோடு என் பிடரிக்கு வந்தது.
குதிகாலைத் தூக்கவே வேண்டியதில்லை.
விடுவார்கள்.