இணைப்பு இரண்டு

சோடா பாட்டிலில் வந்தது அரசலாறு.
மூடிக்குப் பதில் பாலித்தீன், மேலே ரப்பர் வளையம்.
கான்ஸ்டபிள் இளமுருகு ஒட்டிய சீட்டில்
படித்துறையின் பெயர், எடுத்த நேரம்.
இன்னொரு ஜாடியில் தொடையெலும்பு, ஒரு துண்டு.
எண் 118. பெண். வயது சுமார் முப்பது.
துணி துவைக்கையில் வழுக்கி விழுந்தாள்:
கணவர் வாக்குமூலம், இணைப்பு இரண்டு.

முதலில் ஆறு.
ஒரு சொட்டு, நானூறு மடங்கு.
மேட்டூர் திறந்து பத்தொன்பதாம் நாள்,
டயட்டம் முண்டியடிக்கிறது.
படகு போல் ஒன்று, பிறை போல் ஒன்று,
நெல்மணி போல் எண்ண முடியாமல்.
பச்சையில்லை, பொன்பழுப்பு,
பாகு இறுகுமுன் உள்ள நிறம்.
உள்ளே எண்ணெய்த் துளி இரண்டு,
பஞ்சத்துக்கு எடுத்துவைத்தது.
காலில்லை, துடுப்பில்லை.
ஓட்டின் ஒற்றைப் பிளவில் பசை கசியவிட்டு
சறுக்கிப் போகிறது, நிற்கிறது,
வந்த வழியே திரும்புகிறது
அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பவள் மாதிரி.

வீடு கண்ணாடி.
சோப்பு டப்பா போல மேல்மூடி, அடிமூடி.
பிரியும்போது ஆளுக்கொன்று.
வந்த மூடிக்குள் அடங்கத்தான் புதுமூடி செய்யவேண்டும்,
ஒருபோதும் அதைவிடப் பெரிதாக அல்ல.
அப்படியே ஒரு கிளை குறுகிக்கொண்டே போகும்,
இனிக் குறுகினால் உயிர் தங்காது என்னும் இடம்வரை.
அங்கே ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு
வெறும் தோலோடு ஊதிப் பெருத்து
மறுபடி முழு அளவில் எழும்.
118 எந்த மூடிக்குள் இருந்தாள்?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

எலும்பை நைட்ரிக் அமிலத்தில் இட்டேன்.
கொழுப்பு கரையும், மஜ்ஜை கரையும்.
கண்ணாடி கரையாது.
மூழ்குகிறவர் இழுக்கும் மூச்சில்
ஆறு நுரையீரல் கடந்து ரத்தத்தில் ஏறும்.
இதயம் அடித்துக்கொண்டிருந்தால்தான்
எலும்புவரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது.
அது கொள்ளிடம், அதிலும் ஓடுகள்,
சற்றுமுன் நான் குடித்த தேநீரிலும்.
உமிக்குள் நெல் சேர்த்துவைப்பதும் இதே பொருள்தான்,
அறுப்பவர் முழங்கையைக் கீறுவது.

வடித்தநீர். மூன்று ஸ்லைடு.
களை பார்ப்பதுபோல்
வரிசை வரிசையாக நடந்தேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி நடந்தேன்.
வெறும் வெளிச்சம்.

இல்லாதது சாட்சியாகுமா என்பார் வக்கீல்.
சில மூழ்கலில் எதுவும் ஏறாது, உண்மைதான்.
அதையும் எழுதினேன். அதற்குக் கீழே,
ஆற்று மாதிரியில் ஏராளம்,
எலும்பில் காணப்படவில்லை.
ஒப்பம், ரெ. ஸ்டெல்லா புஷ்பம்.

மிச்ச ஆற்றைப் பாட்டிலோடு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
இருட்டிலும் சில நாள் தாங்கும்.
எண்ணெய் இருக்கிறதே.