காந்தம் விழும் இடம்

கொவென்ட்ரி, ஏர்ல்ஸ்டன் பக்கம்,
கராஜ்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் ஒரு சந்து.
பதினான்காம் எண் என்னுடையது.
மாதம் எண்பத்தைந்து பவுண்ட்.
ஐப்பசியில் பூட்டினேன். இது பங்குனி.

ட்ரையம்ஃப் ஹெரால்ட், அறுபத்தெட்டாம் ஆண்டு.
ஒருபோதும் நான் அதை ‘அவள்’ என்றதில்லை.
கார், கார்தான்.
விவாகரத்து முடிந்து கைக்கு வந்த காசில் வாங்கினேன்.
“சமையலறையைத் திருத்தியிருக்கலாம்” என்றாள் வத்சலா அக்கா.

பானெட் முழுவதும் முன்பக்கம் சாயும்.
பகலெல்லாம் பல் கிளினிக்கில்
“வாயைத் திறங்கள், இன்னும் கொஞ்சம்” என்று கெஞ்சுபவளுக்கு
கேட்காமலே திறக்கும் ஒரு வாய்
பெரிய ஆறுதலாக இருந்தது.
தேய்ந்த கொக்கிகளைக் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்து
கார்புரேட்டர் ஜெட்டின் துவாரத்தைச் சுரண்டுவேன்.
கேக் தட்டில் பரப்பிய திருகாணிகளோடு
இரவு இரண்டு மணி.
பசிக்காது.

எப்போது போனது என்று தேடிப் பார்த்தேன்.
விபத்தில்லை. வீண்செலவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒரு ஞாயிறு, நல்ல வெயில், சாவி கையில்.
வாசல்வரை வந்தவள்
சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு
துணி மடிக்க உட்கார்ந்தேன்.
அவ்வளவுதான்.
கதவை அறைந்துவிட்டுப் போயிருந்தால்
சத்தமாவது கேட்டிருக்கும்.

பிறகு போனதெல்லாம் கடமைக்கு.
தூரத்து உறவு ஆஸ்பத்திரியில் கிடந்தால்
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போமே, அப்படி.
பாட்டரி சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறதா,
எரிகிறது,
ஷட்டரை இறக்கு.

விற்கப்போகிறேன் என்றதும்
சமையலறை அக்கா சொல்கிறாள்:
“ஐயோ பாவம், வைத்திரேன்!”

நியூபோர்ட்டிலிருந்து ரோட்ரி வந்தார்.
அறுபது வயது, முழங்காலுக்குச் சொந்த மெத்தை,
சட்டைப்பையில் ஒரு காந்தம்.
கதவின் கீழ்விளிம்பில் வைத்து நகர்த்தினார்.
இரும்பு இருந்த இடமெல்லாம் ஒட்டியது.
துருவைச் சுரண்டிப் பசை அடைத்து
நான் வண்ணம் பூசிய இடத்தில்
டக்கென்று விழுந்தது.
“நன்றாகத்தான் அடைத்திருக்கிறீர்கள், கைக்குத் தெரியவில்லை” என்றார்.

கேட்காத குறைகளையும் சொன்னேன்.
இரண்டாம் கியர் கடிக்கும்.
மழையில் இடது காலடி நனையும்.
ஹீட்டரை மறந்துவிடுங்கள்.
நேர்மையாய்ச் சொன்னேனா, விரட்டிப் பார்த்தேனா,
எனக்கே தெரியவில்லை.
அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்,
விருந்துக்குச் சாமான் எழுதுகிறவர்போல.

மூன்றாம் முறை சாவி திருப்ப எஞ்சின் பிடித்தது.
கராஜ் முழுக்க பெட்ரோல் வாசம்.
இப்போது துள்ளும் என்று நெஞ்சைக் கவனித்தபடி நின்றேன்.
பல்லில் மரப்பு ஊசி போட்டபின்
தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.
அவர் முகமோ பத்து வயதுப் பையனாகிவிட்டது.
காரை எடுத்துக்கொண்டு
அந்த முகத்தை விட்டுவிட்டுப் போக முடியுமா
என்று கேட்கத் தோன்றியது.

மூவாயிரத்து இருநூறு என்றார்.
வியாழன்வரை தாருங்கள் என்றேன்.
வியாழனில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.
எனக்கும் தெரியாது.

அவர் போனபிறகுதான் பார்த்தேன்:
கூரைமேல் காந்தத்தை மறந்துவிட்டார்.
இழுத்தேன்; லேசில் வரவில்லை.
நான் கைவைக்காத ஒரே தகடு அது,
ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பது.

இப்போது காந்தம் சமையலறை மேசையில்.
ஒரு தேக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.
உறையில் அவர் விலாசம் எழுதிவிட்டேன்.
முத்திரை ஒட்டவில்லை.
தபாலில் போடுவதா,
சாவியோடு சேர்த்துக் கையில் கொடுப்பதா?

இன்று செவ்வாய்.